மர மில்லில் மெட்டல் டிடெக்டர்: பேட்டரியை மாற்றி இரண்டு வருஷம்

புளியந்தடி அறுக்கிற எந்த மில்லிலும் ஆணிப் பயம் உண்டு. சாலையோர மரம் என்றால் டியூஷன் சென்டர் போர்டு, வீட்டுமனை போர்டு என்று வருஷா வருஷம் அடித்த ஆணி. ஊருக்குள் நின்ற பழைய புளி என்றால் பேய் பிடித்தவர் முடியைச் சுற்றி அறைந்த ஆணி. மரம் பருத்துக்கொண்டே போகும், ஆணி அடித்த இடத்திலேயே நிற்கும். இருபது வருஷத்தில் அது நாலு விரல் உள்ளே போயிருக்கும். பேண்ட் சா பிளேடு அதில் பட்டால் பல் வரிசையாகப் போய்விடும், கூடவே அரை நாள் வேலையும்.

அதற்குத்தான் எங்கள் மில்லில் கை மெட்டல் டிடெக்டர். பெரிய கோயில் வாசலில் உடம்பைத் தடவிப் பார்ப்பார்களே, அதே சாதனம். ஒரு 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். வாங்கி நாலு வருஷம் ஆகிறது.

முதல் இரண்டு வருஷமும் ஒரே புகார்தான். காலையில் மூன்று அங்குலத்தில் கத்துகிற கருவி, மத்தியானத்துக்கு மேல் இரண்டங்குலத்திலேயே தயங்கும். பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் 8 வோல்ட் காட்டும். பேட்டரி நன்றாகத்தானே இருக்கிறது, கருவிதான் கோளாறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கருவி கத்திக்கொண்டிருக்கும்போதே மீட்டரை வைத்துப் பார்த்தேன். 6 வோல்ட்! பஸ்ஸரும் அதிர்வு மோட்டாரும் சேர்ந்து இழுக்கும்போது அந்த மலிவு கார்பன் பேட்டரி தாங்கவில்லை. உள்ளே இருக்கிற ரெகுலேட்டர், அதாவது வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்துகிற பாகம், 5 வோல்ட் கொடுக்க வேண்டுமானால் அதற்கு 7 வோல்ட்டாவது வர வேண்டும். வராவிட்டால், இரும்பைத் தேடுகிற கம்பிச் சுருளான காயிலுக்குப் போகிற மின்சாரமும் படுத்துவிடும்.

சரி, அப்படியானால் வோல்ட்டை ஏற்றிவிடுவோம் என்று மூன்று லித்தியம் செல்லைத் தொடராகக் கோத்து 12 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன். ஆழம் ஒரு நூல்கூடக் கூடவில்லை. ரெகுலேட்டர்தான் சூடானது. எத்தனை வோல்ட் கொடுத்தாலும் அது காயிலுக்கு 5 வோல்ட்தானே அனுப்பும்! ஒருவேளை அதையும் தாண்டி, காயில் கிளப்பும் காந்தப்புலத்தையே இரட்டிப்பாக்கினாலும் பெரிய லாபமில்லை. சின்ன இரும்பிலிருந்து திரும்பி வரும் சிக்னல் தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-இல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் ஆழம் 12 சதவீதம்தான் கூடும், அதாவது மூன்று அங்குலம் மூன்றே காலைக் கொஞ்சம் தாண்டும். “வோல்ட் ஏத்து, ஆழம் ஏறும்” என்பவர்களை அதிலிருந்து நான் நம்புவதில்லை.

அடுத்து, யூஎஸ்பியில் சார்ஜ் போடுகிற 9 வோல்ட் லித்தியம் பேட்டரி. உள்ளே 3.7 வோல்ட் செல், அதை 9 ஆக ஏற்ற ஒரு குட்டிக் கன்வெர்ட்டர். அந்தக் கன்வெர்ட்டரின் இரைச்சலிலேயே கருவி சும்மா இருக்கும்போது கத்தியது. ஒரு நாளோடு மேசை டிராயருக்குள் போட்டேன்.

கடைசியில் நிலைத்தது ரீசார்ஜ் பென்சில் செல்தான், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. எட்டுச் செல் போடுகிற பிளாஸ்டிக் பெட்டியில் ஏழு மட்டும். எட்டும் போட்டால் சார்ஜ் ஏற்றிய சூட்டில் 11 வோல்ட்டைத் தாண்டும், எனக்கு அது தேவையில்லை. ஏழு என்றால் 8.4 வோல்ட், முழுச் சார்ஜில் 9.8 வரை. 9 வோல்ட் அல்கலைன் பேட்டரிக்குள்ளும் ஆறு குட்டிச் செல்கள்தான், மொத்தமே 500 மில்லி ஆம்பியர் மணி சொச்சம். இந்தப் பென்சில் செல்லில் 2000. பஸ்ஸரும் மோட்டாரும் சேர்ந்து இழுத்தாலும் வோல்ட் அசைவதில்லை. மூன்று அங்குலம் சாயங்காலம் வரைக்கும் மூன்று அங்குலமாகவே நிற்கிறது. எனக்குக் கிடைத்த ‘பெர்ஃபார்மன்ஸ்’ இவ்வளவுதான், அது போதும்.

செய்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியிலிருந்து வருகிற வயரில் 9 வோல்ட் கிளிப்பைச் சால்டர் வைத்து, அதையே பேட்டரி மாதிரி கருவிக்குள் மாட்டுவோம் இல்லையா? அப்போது சிவப்பு, கறுப்பு தலைகீழாகிவிடும். கிளிப்பின் சிவப்பு வயர் பேட்டரியின் பிளஸ்ஸைப் பிடிப்பதற்கானது. கிளிப்பே பேட்டரியாக வேஷம் போட்டால் அதுதான் மைனஸ். இது தெரியாமல் மாட்டி ஒரு போர்டைப் புகைய விட்டேன். வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது.

பெட்டியைக் கைப்பிடியில் கட்டவும் கூடாது. செல்லின் உறையே இரும்பு, அதைப் பார்த்துக் கருவி கத்தும். இடுப்பில் கட்டி, வயரைக் கைப்பிடியோடு டேப் சுற்றிவிடுங்கள். தொங்குகிற வயர் ஆடினாலும் சில சமயம் சத்தம் வரும்.

குறை இல்லாமல் இல்லை. இந்தச் செல்கள் கடைசிவரை விறைப்பாக நின்றுவிட்டுத் திடீரென்று சாயும். கருவியின் ‘பேட்டரி லோ’ விளக்கு எரிந்து சில நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதனால் இரண்டங்குல ஆணி ஒன்றைப் பலகைக்குப் பின்னால் பதித்து வைத்திருக்கிறோம். காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை அதில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் தடியைத் தொடுவோம். ஒரு ராத்திரி சுவிட்சை அணைக்க மறந்து, மெலிந்த செல் ஒன்று தலைகீழாகச் சார்ஜ் ஏறிச் செத்தது. இரண்டு வருஷத்தில் மாற்றியது அந்த ஒன்றுதான். கிளிப் வயர்தான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறுந்துபோகிறது.

மூன்று அங்குலத்துக்குக் கீழே இருக்கிற ஆணிக்கு பேட்டரியில் வைத்தியம் இல்லை. தடியின் நாலு பக்கமும் மேல் பலகையை அறுத்துத் தள்ளியதும் இன்னொரு தடவை தடவிப் பார்க்கிறோம். வெட்டு முகத்தில் நீலம் பாய்ந்த கறுப்புக் கறை தெரிந்தால் கருவியே வேண்டாம், உள்ளே இரும்பு இருக்கிறது.

எட்டாவது செல்லின் இடத்துக்கு என்ன என்று கேட்பீர்கள். பென்சில் செல் 50 மில்லிமீட்டர், இரண்டங்குல ஆணியும் ஏறக்குறைய அதே நீளம். பழைய புளியிலிருந்து பிடுங்கிய ஆணி ஒன்றைத் துரு போகத் தேய்த்து, துளையிட்ட மரக்குச்சிக்குள் செருகி அங்கே வைத்திருக்கிறேன். மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. ரம்பம் ஓட்டுகிற அண்ணாச்சி எல்லா வேலையும் செய்வார், அந்தப் பெட்டியை மட்டும் இடுப்பில் கட்டமாட்டார்.