ஊர் இல்லாத படை: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 மிஷன்களில் நான் பட்ட பாடு

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டு வெளிவந்தது 1999இல். நான் தொட்டது சில வருடம் கழித்து. அன்று முதல் விட்டு விட்டு ஆடிக்கொண்டிருந்தேன். 2019இல் அதன் புதுப்பித்த பதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷன் வந்த பிறகு அந்த ‘விட்டு விட்டு’ம் போய்விட்டது. ஊர் கட்டுவது, விவசாயம், வணிகம் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். இங்கே சண்டை மட்டும். அதிலும் கையில் ஒரு படையைக் கொடுத்து ‘போய் முடித்துவிட்டு வா’ என்று அனுப்பும் மிஷன்கள்.

ரொம்ப நாள் எனக்குத் தெரிந்த போர்முறை ஒன்றே ஒன்றுதான். சுவர் எழுப்பி உள்ளே உட்கார்ந்திருப்பேன். 40 நைட் (கவசக் குதிரைவீரர்) சேர்ந்ததும் மொத்தமாகப் பிடித்து எதிரி ஊரின் நடுவில் ஒரு ரைட் க்ளிக். ஒரு நைட்டுக்கு 60 உணவு, 75 தங்கம். ஆக 3000 தங்கம் வாசல் தாண்டிப் போகிறது. எதிரே ஈட்டிக்காரர்கள். ஆளுக்கு 35 உணவு, 25 மரம், தங்கம் ஒரு பொட்டு கிடையாது. குதிரைகளைப் பார்த்தாலே அவர்களுக்குக் குத்து பல மடங்கு கூடும். என் 3000 தங்கம் புல்வெளியில் கிடக்கும். நானோ அசராமல் அடுத்த 40 பேருக்கு ஆர்டர் போட்டிருப்பேன். ஊர் என்று ஒன்று பின்னால் இருக்கும்வரை தோல்வி உறைக்காது.

உறைக்க வைத்தது பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் பற்றிய கேம்பெய்னின் (மிஷன் தொடர்) முதல் மிஷன். ஊரின் மையமான டவுன் சென்டர் இல்லை, கிராமத்தார் இல்லை, படைக்கு ஆள் எடுக்கும் பாரக்ஸ் இல்லை. ஒரு சின்னக் கூட்டம், நடுவில் ஜோன். அவளை உயிரோடு ஷீனோன் கோட்டையில் சேர்க்க வேண்டும். அவள் செத்தால் ஆட்டம் காலி. மூன்று முறை தோற்றேன், மூன்று முறையும் ஒரே காரணம். எதிரி கண்ணில் பட்டதும் என் ஆட்களுக்கு முன்னால் ஜோன் பாய்ந்துவிடுவாள். அவள் அக்ரஸிவ் ஸ்டான்ஸில் (எதிரியைக் கண்டதும் தானாகப் பாயும் நிலை) நிற்கிறாள் என்பதே எனக்குத் தெரியவில்லை. பட்டன் அங்கேயேதான் இருந்திருக்கிறது, வருடக்கணக்காக நான் அதைத் தொட்டதில்லை. ஜோனை மட்டும் தனியாகக் கட்டளையிட வசதியாகத் தனி கண்ட்ரோல் குரூப்பில் போட்டு, இடத்தைவிட்டு நகராத ஸ்டாண்ட் கிரவுண்டில் நிறுத்தினேன். நான்காவது முறை கோட்டை வாசல்.

அதே கேம்பெய்னில் பாரிஸ் முற்றுகை மிஷனும் இந்த ரகம்தான். ஊர் கட்ட முடியாது. அங்கேதான் மேட்டின் அருமை தெரிந்தது. உயரத்தில் நின்று அடித்தால் சேதம் 25% கூடும், கீழிருந்து மேலே அடித்தால் 25% குறையும். ஒரு எண்ணாகத்தான் இதைப் படித்து வைத்திருந்தேன். ஒரு தடவை பள்ளத்தில் மாட்டிக்கொண்டு பாதிப் படையை இழந்தேன். சேவ் ஃபைலைத் திறந்து, அதே படையைப் பத்தடி பின்னால் இழுத்து மேட்டின் விளிம்பில் வரிசையாக நிறுத்தினேன். எதிரி ஏறி வந்தான். இந்த முறை போனது நான்கே பேர். யூனிட் அதே, அப்கிரேட் அதே, நின்ற இடம் மட்டும் வேறு.

இந்த விளையாட்டின் சண்டைக் கணக்கு உண்மையில் எளிது. தாக்கும் திறனிலிருந்து கவசத்தைக் கழித்தால் மிச்சம்தான் சேதம். என்ன கழித்தாலும் 1க்குக் கீழே போகாது. அப்கிரேட் எதுவும் இல்லாத ஆர்ச்சரின் (வில்லாளி) தாக்குதல் 4, எறிஈட்டி வீசும் ஸ்கர்மிஷரின் அம்புக் கவசம் 3. ஆக ஒரு அம்புக்கு 1. ஸ்கர்மிஷருக்கு உயிர் 30, அதனால் 30 அம்பு வேண்டும். பதிலுக்கு ஸ்கர்மிஷரின் எறிஈட்டி ஆர்ச்சருக்கு 5 சேதம் தரும். ஆறே வீச்சில் ஆர்ச்சர் அவுட். இத்தனைக்கும் ஆர்ச்சருக்குத் தங்கம் வேண்டும், ஸ்கர்மிஷருக்கு உணவும் மரமும் போதும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘என் படை பெரிசா, அவன் படை பெரிசா’ என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். முதலில் ஒரு குதிரைக்காரனை ஓடவிட்டு எதிரே என்ன நிற்கிறது என்று பார்ப்பேன். ஒரு ஸ்கவுட் செத்தாலும் லாபம்தான்.

மாங்கனல் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. முன்னால் இருபது வில்லாளிகள், அவர்களுக்குப் பின்னால் என் கல்லெறி இயந்திரம். எதிரிக் குதிரைகள் வந்து வில்லாளிகள் மேல் மோதின. என் மாங்கனல் கடமை தவறாமல் குறிபார்த்து ஒரு கல்லை விட்டது. குதிரைகளுக்குக் கீறல். என் ஆட்களில் பதினொரு பேர் காலி. இந்த விளையாட்டில் கல்லுக்குத் தன் ஆள், மாற்றான் ஆள் என்ற பேதம் கிடையாது. இப்போதெல்லாம் எதிரி நெருங்கியதும் முதல் வேலை மாங்கனலை நோ அட்டாக்கில் (தானாகத் தாக்காத நிலை) போடுவது. எதிரி கையில் மாங்கனல் இருந்தால் படையைப் பரத்தி நிற்க வைத்துவிடுவேன். மறந்த நாட்கள் இப்போதும் உண்டு.

கட்டடங்களை இடிக்கும் ராம் என்ற இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அம்புக்கு அசையாது, கோபுரம் விடிய விடிய எய்தாலும் ஒரு அம்புக்கு 1தான். ஆனால் வாள்காரர்கள் நாலு பேர் வந்தால் விறகுதான். உள்ளே காலாட்களை ஏற்றினால் வேகமும் கூடும், இடியும் கூடும்; வாள்காரர்கள் வந்தால் இறக்கிவிட்டும் சண்டை போடலாம்.

குறையும் சொல்ல வேண்டும். இந்த மிஷன்களில் முதல் தடவை தோற்பது கிட்டத்தட்ட சடங்கு. எந்தத் திருப்பத்தில் யார் பதுங்கியிருக்கிறார்கள் என்பதை மூளையால் கண்டுபிடிக்க வழியில்லை, செத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவரைக் காத்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எஸ்கார்ட் வகையில் இது இன்னும் மோசம். ஜெர்மானிய மன்னர் பார்பரோசாவின் கேம்பெய்னில், கடைசி மிஷனில் மன்னர் இறந்துவிட்டார். அவரைப் பீப்பாயில் போட்டு எருசலேம்வரை கொண்டுபோக வேண்டும். யோசனை அபாரம், சிரிப்பும் வரும். ஆனால் பீப்பாய் சண்டை போடாது. ஒரு கண் படைமேல், ஒரு கண் பீப்பாய்மேல் என்று ஒரு மணி நேரம் போனால் சிரிப்பு போய்விடும்.

2022இல் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற கூடுதல் தொகுப்பில் திராவிடர் படையும் ராஜேந்திர சோழன் கேம்பெய்னும் உண்டு. யூனிட்டைக் க்ளிக் செய்தால் தமிழில் பதில் வரும். முதல் நாள் அதற்காகவே சும்மா க்ளிக் செய்துகொண்டிருந்தேன். பெருமையெல்லாம் அரை மணி நேரம்தான். இந்தப் படையில் நைட் கிடையாது. பழக்கதோஷத்தில் ஸ்டேபிளை (குதிரை லாயம்) திறந்து தேடிவிட்டு மூடினேன். பதிலுக்குச் சுருள்வாள் சுழற்றும் உருமி வீரர்கள் இருக்கிறார்கள். முதல் வீச்சில் சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள். அடுத்த வீச்சுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த இடைவெளியில் பின்வாங்கி மறுபடி இறங்கத் தெரிந்தால் கூட்டத்தையே கலைக்கலாம். அம்பு மழையில் நேராக அனுப்பினால் கோட்டையில் அவர்களை உருவாக்கச் செலவழித்த தங்கம் வீண். நான் அவர்களுக்கு முன்னால் எப்போதும் ஸ்கர்மிஷர்களை விடுகிறேன். இந்தப் படைக்கு ஸ்கர்மிஷர்கள் 25% வேகமாக எறிவார்கள் என்பது கூடுதல் வசதி.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஆன்லைன் மேட்சுக்குப் போகும் முன் விளையாட்டிலேயே இருக்கும் ஆர்ட் ஆஃப் வார் பயிற்சிச் சவால்களில் நிலப்போரையாவது ஆடிப் பாருங்கள். தங்கப் பதக்கம் வராவிட்டால் போகட்டும். மிஷன்களை ஹார்ட் என்ற கடின நிலையில் தொடங்க வேண்டாம், எளிய ஸ்டாண்டர்டே போதுமான அளவுக்கு அடிக்கும்.

நான் இப்போது பாரிஸ் முற்றுகையை ஹார்டில் ஆடுகிறேன். சேவ் ஃபைல்களின் பெயர்கள் வரிசையாக இப்படி இருக்கின்றன: ‘பாரிஸ் 1’, ‘பாரிஸ் மேட்டில்’, ‘மாங்கனலைத் தொடாதே’, ‘ஜோன் எங்கே’.