சேலத்து வீட்டுக்கு ஏசியா, மண்ணா?

சித்திரை மதியம் அஸ்தம்பட்டியில் எங்கள் மாடி டேங்க் தண்ணீரைத் திறந்தால் கை சுடும். மோட்டாரைப் போட்டு நேராக போர் தண்ணீரைப் பிடித்தால் ஜில்லென்று இருக்கும். அதே தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாக வரும். மாறியது நம் தோல்தான். முப்பது அடிக்குக் கீழே மண்ணின் வெப்பம் ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். சேலத்தில் 28 டிகிரிக்குப் பக்கம்.

ஏசிக்குப் பதிலாக மண்ணை வைத்து வீட்டைக் குளிர்விக்கும் ஜியோதெர்மல் ஹீட் பம்புக்கு முதலே இதுதான். போருக்குள் யு வடிவக் குழாயை இறக்கித் தண்ணீரைச் சுற்றவிட்டு, வீட்டுச் சூட்டை மண்ணிடம் தள்ளும். ஏசியும் சூட்டைத்தான் தள்ளுகிறது, ஆனால் மொட்டை மாடியில் 40 டிகிரி காற்றிடம். 28 டிகிரி மண்ணிடம் தள்ளுவது கம்ப்ரசருக்குச் சுலபம், கரண்டும் குறையும்.

சரி, எங்கே போடுவது? ஏசியைப் போலவே டன் கணக்குதான், ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 200 அடி போர் வேண்டும். மூன்று டன்னுக்கு மூன்று போர், நடுவே இருபது இருபது அடி இடைவெளி. முப்பதுக்கு நாற்பது மனையில் வீட்டையும் கட்டிவிட்டு இது நடக்காது. அஸ்திவாரத்துக்கு முன்பே போட்டால்தான் உண்டு. போர் போடும் ரிக் வண்டிக்குப் பஞ்சமில்லை, அவை நிறைந்த திருச்செங்கோடு பக்கத்தில்தான். நம் கெட்டிப் பாறையும் காய்ந்த மண்ணைவிட நன்றாகவே சூட்டைக் கடத்தும்.

உண்மையான சிக்கல் வேறு. குளிர்நாடுகளில் கோடையில் மண்ணுக்குள் விட்ட சூட்டைப் பனிக்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சேலத்தில் யார் ஹீட்டர் போடப்போகிறார்கள்? விடுவது மட்டும்தான், எடுப்பது இல்லை. வருஷா வருஷம் போரைச் சுற்றிச் சூடு ஏறி, அந்த 28 டிகிரி லாபம் கரையும்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்து ஏற்காட்டில் கதை தலைகீழ். அங்கே மச்சான் வீட்டில் ஏசியே இல்லை. மார்கழி, தை இரவுகளுக்கு ஒரு கம்பளி, ஒரு ரூம் ஹீட்டர். அதற்காக போர் போடுவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

வாழப்பாடி பக்கம் தோட்டத்து வீடு என்றால் மண்குழாய் முறையைப் பார்க்கலாம். பத்தடி ஆழத்தில் நீளக் குழாயைப் புதைத்து, அதன் வழியே ஃபேனால் காற்றை இழுப்பது. ஏசி சுகம் வராது. ஐப்பசியில் குழாய்க்குள் ஈரம் தங்கினால் பூஞ்சை வாடை வேறு.

என் வீட்டுக்கு நான் எடுத்த முடிவு: மாடிக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸ், படுக்கையறைக்கு மட்டும் இன்வர்ட்டர் ஏசி. லாட்ஜ் கட்டுகிறவர் கேட்டால் வேறு மாதிரி, ஹீட் பம்பைப் பார்க்கச் சொல்வேன். அவருக்கு ஏசியும் வேண்டும், தினமும் குளியல் வெந்நீரும் வேண்டும். அறைகளிலிருந்து எடுத்த சூட்டில் ஒரு பங்கு வெந்நீருக்குப் போய்விடும், மிச்சம் மட்டும்தான் மண்ணுக்கு.