குமிழை நகர்த்துவது எது: மிதப்பா, வெப்பமா?

கெட்டியான சிலிக்கோன் எண்ணெயில் சிக்கிய காற்றுக்குமிழை வெளியேற்ற இரு வழிகள். மிதப்பு விசையை நம்பிக் காத்திருக்கலாம்; அல்லது எண்ணெயின் ஒரு பக்கத்தைச் சூடாக்கலாம். சூடான பக்கம் பரப்பு இழுவிசை (திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கி இழுக்கும் விசை) குறைவு. அதனால் குமிழின் பரப்பிலுள்ள திரவம் குளிர்ந்த பக்கம் இழுபட, குமிழ் எதிர்த்திசையில், அதாவது சூட்டை நோக்கி நகரும். இதுவே மரங்கோனி விளைவு.

தேர்வைத் தீர்மானிப்பது குமிழின் அளவு. ஆரம் இரட்டித்தால் மிதப்பின் வேகம் 4 மடங்கு. வெப்பத்தால் வரும் வேகம் 2 மடங்கு மட்டுமே. பாகுத்தன்மை, அதாவது எண்ணெயின் கெட்டித்தன்மை, இரண்டு வேகங்களையும் ஒரே விகிதத்தில் குறைப்பதால், போட்டியில் அதற்குப் பங்கே இல்லை! பலரும் தவறவிடும் இடம் இது.

சிலிக்கோன் எண்ணெயின் இழுவிசை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.06 மில்லிநியூட்டன்/மீட்டர் குறையும். இரு வேகங்களும் சமமாகி 0.05 மி.மீ. ஆரமுள்ள குமிழ் மேலெழாமல் நிற்க, அடிப்பக்கத்தைச் சூடாக்கி சென்டிமீட்டருக்குச் சுமார் 50 டிகிரி வேறுபாடு தர வேண்டும், 0.01 மி.மீ. என்றால் 10 டிகிரி போதும். யங், கோல்ட்ஸ்டைன், பிளாக் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1959-இல் இப்படித்தான் குமிழ்களை அந்தரத்தில் நிறுத்திக் காட்டினர். எண்ணெய் அடுக்கு தடிமனாக இருந்தால் எண்ணெயே சுழலத் தொடங்கிவிடும். சில மில்லிமீட்டருக்குள் வையுங்கள்.

மாசு விஷயத்தில் மிதப்பே உறுதியானது. சோப்புத்தன்மையுள்ள அழுக்கு பரப்பை இறுக்கினால் மிதப்பின் வேகம் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு குறையும். வெப்ப நகர்வோ அடியோடு நின்றுவிடலாம். தண்ணீரில் வெப்ப வழி அடிக்கடி தோற்பதும் அதனால்தான்.

பெரிய குமிழுக்கு மிதப்பு. நுண்குமிழுக்கும், எடையற்ற விண்கலத்துக்கும் வெப்பம்.