சாதாரண தர விஞ்ஞானம்: பாஸ்ட் பேப்பரா, ரியூசனா, வீடியோவா, கைச்செய்கையா?

வன்னியில் சாதாரண தரம், அதாவது பதினோராம் தர முடிவில் வரும் அரச பரீட்சை, எழுதப்போகிற பிள்ளையிடம் விஞ்ஞானத்துக்கு எப்படிப் பயிற்சி எடுக்கிறாய் என்று கேட்டால், "ரியூசன் போறன் சேர்" என்று சொல்லும். இன்னொரு பிள்ளை பாஸ்ட் பேப்பர் செய்வதாகச் சொல்லும். வீட்டில் நல்ல போன் இருந்தால் யூடியூப். நான் விசுவமடுப் பக்கம் மாலையில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன். தாய் தகப்பன்மார் என்னிடம் கேட்பதும் இதைத்தான்: "இதில எது நல்லது சேர்? எதுக்குக் காசு கட்டலாம்?"

நியாயமான கேள்வி. காசும் நேரமும் இங்கே தாராளமாகக் கிடைப்பவை அல்ல. பதில் சொல்வதற்கு முன் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். பெறுபேற்றுத் தாளில் விஞ்ஞானம் ஒரு வரியில் வந்தாலும் உள்ளே இருப்பவை உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்று மூன்று. மூன்றும் பிள்ளையிடம் மூன்று விதமான வேலை வாங்கும். ஒன்றுக்கு நன்றாக உதவுகிற பயிற்சி மற்றதற்குப் பாதிகூட உதவாமல் போகலாம்.

பாஸ்ட் பேப்பர்

செலவைப் பார்த்தால் இதற்குக் கிட்ட எதுவும் வராது. பழைய வினாத்தாள்களும் புள்ளித்திட்டங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கடையில் புத்தகமாக வாங்கினாலும் ஒரு மாத ரியூசன் காசு வராது. முதலாம் பத்திரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் 40 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் பத்திரத்தின் கட்டுரைப் பகுதியில் ஐந்தில் மூன்றைத் தெரிவு செய்ய வேண்டும். எந்த மூன்றைத் தெரிவது, எதில் எவ்வளவு நேரம் நிற்பது என்ற பழக்கம் மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்து முழுப் பத்திரமும் எழுதினால்தான் வரும். வேறு வழியில் வராது.

இதனால் கூடுதலாக இலாபம் அடைவது பௌதிகவியல். வேக-நேர வரைபு, விசையும் ஆர்முடுகலும், மேலுதைப்பு, ஓமின் விதி என்று கணக்கு வகைகள் திரும்பத் திரும்ப வரும். எண் மாறும், உடுப்பு மாறும், உள்ளே ஆள் ஒன்றுதான். உயிரியலில் அப்படி இல்லை. அங்கே ஒரே விடயத்தை நூறு விதமாகக் கேட்கலாம்.

பெரும்பாலான பிள்ளைகள் வினாத்தாளைச் செய்கிறார்கள், புள்ளித்திட்டத்தைப் படிப்பதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை. இலையை ஏன் மதுசாரத்தில் இடுகிறோம்? "பச்சையத்தை நீக்க." எல்லோரும் சரியாக எழுதுவார்கள். மதுசாரம் உள்ள சோதனைக்குழாயை நேரே சுவாலையில் பிடிக்காமல் ஏன் சுடுநீருக்குள் வைக்கிறோம்? இங்கேதான் "மெதுவாகச் சூடாவதற்கு", "இலை கருகாமல் இருக்க" என்று பதில்கள் சிதறும். மதுசாரம் இலகுவில் தீப்பற்றும் என்பதுதான் வேண்டிய பதில். தன் விடையைப் புள்ளித்திட்டத்தோடு வைத்து வரிக்கு வரி ஒப்பிடுகிற பிள்ளைக்கு எந்தச் சொல்லுக்குப் புள்ளி என்பது பிடிபட்டுவிடும். அப்படிப் பார்க்காமல் பத்து வருட வினாத்தாள் செய்வதைவிட, பார்த்துப் பார்த்து மூன்று வருடம் செய்வது மேல்.

விடை பக்கத்திலேயே அச்சடித்த புத்தகங்களை நான் வாங்கச் சொல்வதில்லை. கண் அங்கே போய்விடும்.

ரியூசன்

கிளிநொச்சி நகரத்திலோ புதுக்குடியிருப்பிலோ இருக்கும் பிள்ளைக்கு இது வேறு கணக்கு. ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, நெடுங்கேணிப் பக்கம் இருக்கும் பிள்ளைக்கு வேறு கணக்கு. பின்னேர வகுப்பு முடிந்து பஸ் பிடித்து, இறங்கி, யானை நடமாடுகிற வீதியில் இருட்டில் வீட்டுக்குப் போக வேண்டும். வகுப்புக் கட்டணத்தோடு அந்த இரண்டு மணித்தியாலப் பயணத்தையும், தகப்பன் வேலையை விட்டுவிட்டுச் சந்தியில் வந்து காத்து நிற்பதையும் கூட்டித்தான் விலை போட வேண்டும்.

அந்த விலைக்கு எது கிடைக்கிறது? நான் பார்த்தவரை, நல்ல ஆசிரியரும் சிறிய வகுப்பும் என்றால் இரசாயனவியலுக்கு நிச்சயம் பெறுமதி உண்டு. வலுவளவு, சூத்திரம், சமன்பாட்டைச் சமப்படுத்தல், மூல் கணக்கு. இந்த நான்கில் ஒரு படி தவறினால் மேலே எல்லாம் தவறும். பிள்ளைக்குத் தன் பிழை தனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று கொப்பியைப் பார்த்து "இங்கே ஒட்சிசன் இரண்டு, அங்கே மூன்று, எண்ணிப்பார்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

மண்டபம் நிறையப் பிள்ளைகளை வைத்து ஒலிபெருக்கியில் நடக்கும் வகுப்பில் அந்த ஆள் இல்லை. அங்கே கிடைப்பது ஒரு டியூட், அதாவது அச்சடித்த குறிப்பு, மட்டும். அதை நண்பரிடம் வாங்கிப் படிக்கலாம். பரீட்சைக்கு முன் "வரப்போகும் வினாக்கள்" என்று நடக்கும் செமினார்களுக்குக் காசு கட்டச் சொல்லி நான் எந்தப் பெற்றோருக்கும் சொல்ல மாட்டேன். உயிரியலுக்கு மட்டும் தனியாக ரியூசன் என்றால், பாடநூலைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை.

வீடியோவும் போனும்

அசைவதைக் காட்டுவதற்கு வீடியோவை விட நல்லது இல்லை. இதயத்தின் வால்வுகள் திறந்து மூடுவதை, இழையுருப்பிரிவில் நிறமூர்த்தங்கள் இரு முனைக்கும் இழுபடுவதை, கரும்பலகையில் எவ்வளவு கீறினாலும் அப்படிக் காட்ட முடியாது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிமூலப் பாடங்கள் இலவசமாக உள்ளன. கொலராடோ பல்கலைக்கழகம் வெளியிடும் 'ஃபெற்' உருவகங்களை ஒருமுறை தரவிறக்கிவிட்டால் பிறகு இணையமே வேண்டாம். மின்கலம், தடை, அம்பியர்மானி எல்லாவற்றையும் திரையில் இழுத்துப் பொருத்திச் சுற்று அமைக்கலாம். கவரேஜ் வந்து போகும் ஊர்களுக்கு இது பெரிய உதவி. அம்பியர்மானியைத் தொடராகவும் வோல்ற்றுமானியைச் சமாந்தரமாகவும் இணைப்பதை அங்கே பழகிய பிள்ளை பரீட்சையில் படம் கீறும்போது தடுமாறுவதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடங்கள். மிக நல்ல ஆசிரியர்கள், ஆனால் பாடத்திட்டம் வேறு. நாம் 50 கிலோகிராம் திணிவு, 500 நியூற்றன் நிறை என்று எழுதுவதை அவர்கள் 50 கிலோகிராம் நிறை, 500 நியூட்டன் எடை என்று எழுதுவார்கள். கணக்கு சரியாக விளங்கிய பிள்ளைகூட இதனால் புள்ளியை இழக்கலாம். பௌதிகவியலுக்காவது இலங்கைப் பாடத்திட்டத்தில் செய்த வீடியோவையே பாருங்கள்.

அதோடு, பார்ப்பது பயிற்சி ஆகாது. ஒரு கணக்கை வேறொருவர் செய்ய நாம் பார்த்தால் விளங்கியது போலவே இருக்கும். வீடியோவை நிறுத்தி, முதலில் தானே கொப்பியில் செய்து, பிறகு ஓடவிட்டுப் பார்க்கிற பிள்ளைகளுக்குத்தான் இது உதவியிருக்கிறது.

கையால் செய்து பார்த்தல்

இதை யாரும் பயிற்சி என்று எண்ணுவதில்லை. "ஆய்வுகூடம் இல்லை சேர்" என்ற ஒரே சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். ஆய்வுகூடம் இருக்கும் சில பாடசாலைகளிலும் அலுமாரி பூட்டியே கிடக்கிறது. என் வகுப்பில் நான் அதிகம் நம்புவது இதைத்தான். ஏனென்றால் அமைப்புக் கட்டுரை வினாக்களில் பெரும் பங்கு ஒரு பரிசோதனையைப் படமாகப் போட்டு "அவதானம் என்ன? காரணம் என்ன?" என்று கேட்பவை. செய்து பார்த்த கைக்கு அந்த அவதானத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மம்மாவின் வெற்றிலைத் தட்டத்தில் இருப்பதுதான். ஒரு கரண்டி சுண்ணாம்பை ஒரு போத்தல் தண்ணீரில் கலக்கி இரவு முழுவதும் அடைய விட்டால் மேலே தெளிந்து நிற்பது கல்சியம் ஐதரொட்சைட்டுக் கரைசல், அதாவது பாடநூலில் வரும் சுண்ணாம்பு நீர். அதை ஒரு கிளாசில் ஊற்றி ஸ்ட்ரோவால் மெல்ல ஊதினால் பால் போல் கலங்கும். மூச்சில் உள்ள காபனீரொட்சைட்டால் கல்சியம் காபனேற்று உண்டாகிவிட்டது. கரைசல் ஐதாக இருந்தால், விடாமல் ஊத ஊத கலங்கல் மறுபடி தெளியும். கல்சியம் காபனேற்று கரையக்கூடிய கல்சியம் இருகாபனேற்றாக மாறிவிட்டது. அந்தத் தெளிந்த நீரை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடுங்கள். திரும்பவும் கலங்கும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் கேத்தலின் அடியில் ஒரு வெள்ளைப் படிவு இருக்குமே, அது இப்படித்தான் வருகிறது. அதைச் சுரண்டி வினாகிரியில் போட்டால் குமிழ் விடும். அந்த வாயுவைச் சுண்ணாம்பு நீருக்குள் விட்டால் முதலில் கண்ட கலங்கல். வீட்டுக் குசினிக்குள்ளேயே மூன்று நான்கு சமன்பாடுகள் கண்ணுக்கு முன் நடந்துவிட்டன. ஊதும்போது உறிஞ்சக்கூடாது, கண்ணில் படக்கூடாது. சிறு பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம்.

செவ்வரத்தம்பூவும் அப்படி. பிளேட்டால் நெடுக்காக வெட்டினால் கேசரங்கள் குழாயாகச் சேர்ந்து நிற்பதும், அதற்குள்ளால் தம்பம் போய் மேலே ஐந்து குறிகளாகப் பிரிவதும், அடியில் சூலகம் இருப்பதும் தெரியும். பார்த்துக் கீறி, பெயரிடச் சொல்லுங்கள். உயிரியல் முடிந்தது. மிஞ்சிய இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் தேசிக்காய் விட்டால் செந்நிறமாகும், சவர்க்கார நீர் விட்டால் பச்சையாகத் திரும்பும். அமிலமும் காரமும் ஆயிற்று.

மாப்பொருள் சோதனைக்குப் பார்மசியில் விற்கும் அயடீன் கரைசல் போதும். ஆனால் மதுசாரத்துக்காக ஸ்பிரிட் வாங்கினால், அடுப்பை அணைத்து, சுடுநீர்ப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து தள்ளி வைத்த பிறகே அதற்குள் வைக்க வேண்டும். "நேரா அடுப்பில வைச்சால் என்ன சேர்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு ஏன் என்பது அன்றைக்கே விளங்கியது. புள்ளித்திட்டத்தில் வரும் அந்த வரியை அவர்கள் பிறகு தவறவிடவில்லை.

உப்பு நீரை மின்பகுக்கும் சோதனையை வீட்டுக்குள் செய்யவே வேண்டாம். அதில் குளோரீன் வாயு வரும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் எரிசோடாவும் குளோரீனும் செய்தது இந்த வழியில்தான். அதைக் கதையாகச் சொல்லிச் சமன்பாட்டை எழுதவைத்தால் போதும்.

ஊரும் ஆய்வுகூடம்தான். ஆனையிறவு உப்பளத்தைப் பஸ்ஸில் கடக்காத பிள்ளை இங்கே குறைவு. கடல்நீர் ஆவியாக ஆக முதலில் கல்சியம் காபனேற்றும், அடுத்துக் கல்சியம் சல்பேற்றும், பிறகே சோடியம் குளோரைட்டும் படியும் என்பது பாடநூலில் உண்டு. வாரிய உப்பை ஏன் மாதக்கணக்கில் குவித்து வைக்கிறார்கள்? மக்னீசியம் குளோரைட்டு ஈரத்தை உறிஞ்சிக் கரைந்து வடிந்து போவதற்கு. இரணைமடுக் குளம் நிரம்பி 36 அடி என்று செய்தி வந்தால் அது ஒரு பௌதிகவியல் கணக்கு. கிட்டத்தட்ட 11 மீற்றர். 11ஐ நீரின் அடர்த்தி 1000ஆலும் ஈர்ப்பு ஆர்முடுகல் 10ஆலும் பெருக்கினால் அடியில் நீரின் அமுக்கம் 110 000 பஸ்கால். அணைக்கட்டின் அடி ஏன் அவ்வளவு அகலம் என்று பிறகு கேளுங்கள், பதில் வரும்.

இதன் குறை நேரம். ஒரு மாலையில் ஒரு சோதனைதான் செய்யலாம். கணக்குப் பழக்கத்தையும் இது தராது. தேசிக்காயில் செம்பும் நாகமும் குத்தினால் ஒரு வோல்ற்றுக்குச் சற்றுக் குறைய வரும், ஆனால் டோர்ச் பல்ப் எரியாது. ஏன் எரியாது என்று கணக்குப் போட மறுபடி கொப்பிக்குத்தான் வரவேண்டும்.

பாடநூல்

அரசாங்கம் இலவசமாகத் தரும் 10ஆம், 11ஆம் தரப் புத்தகங்கள். உயிரியலுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது என் துணிபு. ஒரு பக்கத்தை வாசி, மூடு, உன் சொற்களில் எழுது, படத்தைக் கீறு, திறந்து பார். இதைச் செய்கிற பிள்ளைக்கு டியூட் தேவைப்படுவதில்லை.

சரி, ஒரு பிள்ளைக்கு வாரத்தில் விஞ்ஞானத்துக்கு ஆறு மணித்தியாலம்தான் கிடைக்கிறது, காசும் ஒரு வகுப்புக்குத்தான் இருக்கிறது என்றால்? தரம் பத்தில் இருப்பவருக்கு வினாத்தாள் இப்போது வேண்டாம். பாடநூலும் சனிக்கிழமை ஒரு கைச்செய்கையும் போதும். தரம் பதினொன்றில் சமன்பாட்டில் தடுமாறுபவர் காசை இரசாயனவியல் ஆசிரியருக்குக் கொடுக்கட்டும். கணிதம் நன்றாக வருபவர் வகுப்பையே விட்டுவிட்டு, கடைசி மூன்று மாதமும் வாரம் ஒரு முழுப் பத்திரம் எழுதி, அடுத்த நாள் புள்ளித்திட்டத்தோடு நண்பர் ஒருவரிடம் திருத்தக் கொடுக்கட்டும். தன் பேப்பரைத் தானே திருத்தினால் கை இளகும். நண்பர் இளக மாட்டார்.