ஏற்காட்டுக் கடைக்கு எந்தக் கணக்கு மென்பொருள்?

ஏற்காட்டில் காப்பித்தூளும் மிளகும் விற்கும் சின்னக் கடை எங்களுடையது. மேலே கடையில் மனைவி, கீழே சேலம் செவ்வாய்ப்பேட்டை குடோனில் நான். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. இன்றைக்கு என்ன விற்றது, யார் பாக்கி என்று தெரிந்துகொள்ள, ராத்திரி போனில் அவள் சிட்டையைப் படிக்க நான் எழுதிக்கொள்வேன். அந்தக் கூத்து போதும் என்றுதான் கணக்கை இணையத்தில் வைத்து எங்கிருந்தும் பார்க்கிற கிளவுடு பக்கம் வந்தோம். ஒரு தப்பான ஆப், கூகுள் ஷீட்ஸ், கொஞ்ச நாள் டாலி எல்லாம் பார்த்துவிட்டு இப்போது ஜோஹோ புக்ஸ் என்ற கிளவுடு கணக்கு மென்பொருளில் நிற்கிறோம். அதனால் நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டாலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆடிட்டர் ஆபீஸில் எல்லோருக்கும் கைவந்தது, நெட் போனாலும் ஓடும். உரிமம் 20,000 ரூபாய்க்கு மேல். ஆனால் கணக்கு அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் குடியிருக்கும். வேறு ஊரிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் தனி ஏற்பாடு செய்யவேண்டும். கடையும் கல்லாவும் ஒரே இடத்தில் இருப்பவர்களுக்கு நானே டாலியைத்தான் சொல்வேன்.

கூகுள் ஷீட்ஸுக்குக் காசே இல்லை. யாராவது தெரியாமல் அழித்தாலும் பழைய பதிப்பை மீட்டுவிடலாம். எத்தனை கிலோ பச்சைக்கொட்டை போட்டோம், வறுத்தபின் எத்தனை தேறியது என்ற கணக்கை இன்றைக்கும் அதில்தான் எழுதுகிறோம். பில்லுக்கு மட்டும் ஒத்துவரவில்லை. வறுக்காத காப்பிக்கொட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதையே வறுத்துவிட்டால் 5 சதவீதம். இதற்கு ஃபார்முலா எழுதி வைத்திருந்தோம். கூட்டலின் எல்லைக்கு வெளியே ஷீட்டில் புதிதாக ஒரு வரிசை சேர்ந்தது தெரியாமல், ஒரு மாத வரியைக் குறைத்துக் காட்டிவிட்டோம். நல்லவேளை, ஆடிட்டர் கண்ணில் பட்டது.

ஜோஹோவில் பொருளைத் தேர்ந்தெடுத்தாலே அதற்குரிய வரி வந்துவிடுகிறது. மேலே போட்ட பில் அந்த நிமிஷமே கீழே எனக்குத் தெரிகிறது. விற்றுமுதல் 25 லட்சத்துக்குள் இருந்தால் இலவசத் திட்டம் உண்டு. அதில் ஒரு பயனர், கூடவே ஒரு கணக்காளர்தான் நுழைய முடியும். நாங்கள் இரண்டு பேர், ஆகவே காசு கட்டுகிறோம்.

ஆனால் நான் இதில் நின்றதற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. முதலில் ஒரு தப்பான ஆப் என்றேனே, பெயர் வேண்டாம். மலிவு என்று ஒரு வருஷச் சந்தா கட்டி, முடிந்ததும் விட்டுவிட்டோம். எட்டு மாதம் கழித்து ஆடிட்டர் பழைய கொள்முதல் பில் ஒன்றைக் கேட்டார். திறந்தால் திரை முழுக்க ‘புதுப்பிக்கவும்’ என்ற ஒரே பொத்தான். அந்த ஒரு பில்லுக்காக இன்னொரு வருஷச் சந்தா கட்டினேன். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும். மாதம் எவ்வளவு என்று கேட்கிற நாம், நிறுத்தினால் கையில் என்ன மிஞ்சும் என்று கேட்பதில்லை.

ஜோஹோவில் மொத்தக் கணக்கையும் சிஎஸ்வி கோப்புகளாக (எக்செல் போன்ற எதிலும் திறக்கக்கூடிய வெறும் அட்டவணைகளாக) வெளியே எடுக்கலாம். மாதம் பிறந்ததும் எடுத்துப் பென்டிரைவில் போட்டுவிடுகிறேன். இணைத்த பில் படங்களைத் தனியாக இறக்கிக்கொள்கிறேன், கொஞ்சம் சலிப்பான வேலைதான். முதல் தடவை கோப்பை டபுள் கிளிக் செய்து எக்செலில் திறந்தபோது வயிற்றைக் கலக்கியது. தமிழில் இருந்த வாடிக்கையாளர் பெயரெல்லாம் கிறுக்கலாக நின்றது. ஜிஎஸ்டிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எச்எஸ்என் எண், காப்பிக்கு 0901, வெறும் 901 ஆகியிருந்தது, மிளகின் 0904க்கும் அதே கதி. கோப்பில் தப்பில்லை, திறந்த விதம்தான் தப்பு. எக்செலில் இறக்குமதி வழியாகப் போய் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைத் தேர்ந்தெடுத்து, எச்எஸ்என் எண் இருக்கும் பத்தியை எழுத்து வடிவம் என்று குறித்தால் சுழியும் பெயரும் திரும்பி வரும். கிறுக்கலாக இருக்கும்போது சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள்.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வெள்ளியை எடைபோட்டுக் கொடுத்து வாங்கும் கணக்குக்கு இது சரிவருமா என்று கேட்டார். அந்தத் தொழிலில் நான் இதை ஓட்டிப் பார்த்ததில்லை. ஒரு மாதம் சிட்டையையும் இதையும் சேர்த்தே எழுதிப் பாருங்கள் என்றேன்.

இதன் பெரிய குறை நெட்தான். மழைக்காலத்தில் மேலே கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். அதற்கென்று தனி வரிசை எண்ணோடு அச்சடித்த பில் புத்தகம் ஒன்று கல்லாவில் கிடக்கிறது. சிக்னல் வந்தபிறகு, அந்தப் பில்களை அதே எண்ணில் மனைவி ஏற்றிவிடுவாள்.