யூஎம்எல் வரைபடங்களின் துணையோடு பொருள்நோக்கு வடிவமைப்பு: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

மென்பொருளைத் தரவும் செயலும் ஒன்றுசேர்ந்த பொருள்களாகப் பிரித்துப் பார்க்கும் பொருள்நோக்கு முறையில் பகுப்பாய்வு செய்து வடிவமைப்பதற்கு, யூஎம்எல் என்ற குறியீட்டு மொழியின் வரைபடங்களைப் பாடமாகப் படித்தவர்கள் ஏராளம். படித்து முடித்த பிறகும் தொடர்ந்து வரைகிறவர்கள் மிகக் குறைவு. பல ஆண்டுகளாக வரைந்துவரும் அந்தச் சிறுபான்மையில் நானும் ஒருவன். ஆவணமாகச் சமர்ப்பிப்பதற்காக வரையப்படும் யூஎம்எல் வீண் சுமை என்பதும், நிரல் எழுதுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகளைக் கண்டுபிடிப்பதற்காக வரையப்படும்போது அதற்கு ஈடான கருவிகள் அதிகம் இல்லை என்பதும் இத்தனை காலப் பயன்பாட்டில் எனக்கு உறுதிப்பட்டிருக்கின்றன.

இந்தக் குறியீட்டு மொழி ஒரே மூச்சில் உருவானதல்ல. 1990களின் தொடக்கத்தில் ஆளுக்கொரு குறியீட்டு முறையை வைத்துக்கொண்டிருந்த கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, ஐவர் ஜேக்கப்சன் ஆகிய மூவரும் ரேஷனல் நிறுவனத்தில் ஒன்றுசேர்ந்த பிறகு, அவரவர் முறைகள் இணைக்கப்பட்டு, 1997 நவம்பரில் ஓஎம்ஜி என்ற தொழில்துறைக் கூட்டமைப்பின் தரநிலையாக ஏற்கப்பட்டன. பயனர் அமைப்பைக் கொண்டு செய்யும் ஒரு வேலையை விவரிக்கும் யூஸ் கேஸ் ஜேக்கப்சனிடமிருந்து வந்தது. ஒரு பொருளின் நிலைகள் மாறுவதைக் காட்டும் ஸ்டேட் வரைபடமோ டேவிட் ஹாரெல் 1987இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட்டை அடியொற்றியது. இன்று புழக்கத்தில் உள்ள 2.5.1 பதிப்பின் விவரக்குறிப்பு 800 பக்கங்களை நெருங்குகிறது. அதில் 14 வகை வரைபடங்கள் உள்ளன. பல கைகள் சேர்ந்து செய்த பொருளுக்கே உரிய சீரின்மை இதில் உண்டு என்பதை முதலிலேயே தெரிந்துகொண்டால், எல்லா வகைகளையும் சமமாகக் கற்றே தீரவேண்டும் என்ற மலைப்பு ஏற்படாது. எனக்கு நிலைத்துப் பயன்பட்டவை கிளாஸ்களையும் (ஒரே வகைப் பொருள்களுக்கான வார்ப்புகள்) அவற்றின் உறவுகளையும் காட்டும் கிளாஸ் வரைபடம், பொருள்கள் ஒன்றையொன்று அழைக்கும் வரிசையைக் காட்டும் சீக்வென்ஸ் வரைபடம், ஸ்டேட் வரைபடம் ஆகிய மூன்றுதான். வேலை ஓட்டத்தைக் காட்டும் ஆக்டிவிட்டி வரைபடம் எப்போதாவது உதவியது. யூஸ் கேஸ் என்றால் நான் நீள்வட்டங்களை வரைவதில்லை; பயனர் என்ன செய்கிறார், அமைப்பு என்ன பதிலளிக்கிறது என்பதைப் பத்தியாக எழுதிவிடுகிறேன். நேரப்போக்கில் நிகழும் மாற்றங்களைக் காட்டும் டைமிங் வரைபடத்தைத் தேர்வுக்குப் பிறகு நான் தொட்டதே இல்லை. வன்பொருளோடு நெருங்கி வேலை செய்பவர்களுக்கு அது தேவைப்படலாம்.

வரைவதால் என்ன கிடைக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்பது நல்லது. திரையரங்க முன்பதிவு அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தேவை விவரத்தில் உள்ள பெயர்ச்சொற்களைப் பொறுக்கினால் அரங்கு, இருக்கை, காட்சி, முன்பதிவு, வாடிக்கையாளர் ஆகியவை கிடைக்கும். கற்கத் தொடங்குபவர் பெரும்பாலும் இருக்கை என்ற கிளாஸுக்குள் ‘பதிவானதா’ என்றொரு ஆம்-இல்லைப் பண்பை வைத்துவிடுவார். நிரலாக எழுதும்போது இதில் தவறேதும் உடனே தெரியாது. ஆனால் இருக்கைக்கும் காட்சிக்கும் இடையே ஒரு கோடு இழுத்து, அதன் இரு முனைகளிலும் எண்ணிக்கை போடவேண்டும் என்ற கட்டாயம் வந்தவுடன் சிக்கல் வெளிப்பட்டுவிடுகிறது. ஒரு காட்சிக்குப் பல இருக்கைகள். ஒரு இருக்கை பல காட்சிகளில் இடம்பெறும். அப்படியானால் ‘பதிவானதா’ என்ற செய்தி இருக்கைக்கும் உரியதன்று, காட்சிக்கும் உரியதன்று. இரண்டுக்கும் நடுவே ‘காட்சி இருக்கை’ என்று தனியாக ஒன்று வேண்டும். கட்டணமும் காட்சிக்குக் காட்சி மாறுமென்றால் அதுவும் அங்கேதான் போய்ச் சேரும். எனவே, கிளாஸ் வரைபடத்தில் பெட்டிகளைவிடக் கோட்டின் முனையில் உள்ள அந்தச் சிறிய எண்களுக்கே நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

அதே அமைப்பில் இன்னும் அழுத்தமான பாடத்தைத் தருவது ஸ்டேட் வரைபடம். காட்சி இருக்கைக்குக் காலி, பிடித்துவைக்கப்பட்டது, விற்கப்பட்டது என்று மூன்று நிலைகள். வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்தால் காலியிலிருந்து பிடித்துவைக்கப்பட்ட நிலைக்கும், பணம் வந்தால் அங்கிருந்து விற்கப்பட்ட நிலைக்கும், குறித்த நேரம் கடந்தால் மறுபடி காலிக்கும் மாறும். வரைந்தபின் ஒவ்வொரு நிலையையும் ஒவ்வொரு நிகழ்வோடும் பொருத்திப் பார்க்கவேண்டும். அப்போதுதான் நேரம் கடந்து காலியாகிவிட்ட இருக்கைக்குப் பணம் செலுத்திய தகவல் தாமதமாக வந்து சேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. அதற்குள் வேறொருவர் அதே இருக்கையைப் பிடித்திருக்கவும் கூடும். பணத்தைத் திருப்பித் தருவதா, பக்கத்து இருக்கையைத் தருவதா என்பது வணிகத் தரப்பு எடுக்கவேண்டிய முடிவு. நிரலாளர் ஒரு நிபந்தனை வரிக்குள் தாமாகவே தீர்மானித்துவிடக் கூடாது. ‘பணம் செலுத்தப்படுகிறது’ என்று நான்காவது நிலையைச் சேர்த்து, அந்த நிலையில் நேரக் கணக்கை நிறுத்திவைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால், கட்டணச் சேவையிலிருந்து பதிலே வராமல் போகும்போது அந்த இருக்கை எப்படி விடுபடும் என்று அடுத்த கேள்வி முளைக்கும். இப்படிப்பட்ட உரையாடல்களைத் தொடங்கிவைக்கும் திறன் வேறு எந்த வரைபட வகைக்கும் இந்த அளவுக்கு இல்லை. ஆயினும் வகுப்புகளில் இதற்கு ஒதுக்கப்படும் நேரம் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

சீக்வென்ஸ் வரைபடத்தைத் தனியாக வரைவதில் பயனில்லை. கிளாஸ் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றித் திருத்தவேண்டும். ஒன்றில் அம்புக்குறி இழுத்தால் மற்றொன்றில் அந்த மெத்தடுக்கு, அதாவது அழைக்கப்படும் செயலுக்கு, இடமிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். எல்லா அம்புகளும் ஒரே ஆப்ஜெக்டிலிருந்து (பொருளிலிருந்து) கிளம்பி முள்கரண்டியைப் போலப் பிரிந்தால், மூளை முழுவதும் ஓரிடத்தில் குவிந்து மற்ற கிளாஸ்கள் தரவை ஏந்தும் பைகளாக மட்டும் இருக்கின்றன என்று பொருள். ஒன்று அடுத்ததைக் கேட்க, அது அதற்கடுத்ததைக் கேட்க, படிக்கட்டுபோல இறங்கினால் பொறுப்பு பகிரப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு வடிவங்களையும் ஜேக்கப்சன் முன்பே பெயரிட்டு விளக்கியிருக்கிறார். படிக்கட்டுதான் எப்போதும் சிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். படிகளின் வரிசை அடிக்கடி மாறக்கூடிய வேலைகளில் ஓரிடத்தில் கட்டுப்பாடு இருப்பதே பராமரிப்புக்கு வசதி.

ஒன்று மற்றொன்றின் பகுதி என்ற உறவை (அக்ரிகேஷன்) குறிக்கும் வெற்று வைரக் குறியை நான் கைவிட்டு நெடுநாளாகிறது. அதன் துல்லியமான பொருள் துறைக்கும் வரைபவருக்கும் ஏற்ப மாறும் என்று விவரக்குறிப்பே ஒதுங்கிக்கொள்கிறது. தேர்வுத்தாள்களோ அதையே விடாமல் கேட்கின்றன. நிரப்பப்பட்ட வைரம் அப்படியன்று. முழுமையை அழித்தால் பகுதியும் அழியும், ஒரு பகுதி ஒரே நேரத்தில் ஒரு முழுமைக்கு மட்டுமே உரியது என்ற உறுதி அதில் இருக்கிறது; அது தரவுத்தள விதிகள் வரை சென்று பயன்படுகிறது. ஒரு கிளாஸ் மற்றொன்றின் பண்புகளைப் பெறுவதைக் காட்டும் மரபுரிமை அம்பில் எச்சரிக்கை தேவை. வாடிக்கையாளர், பணியாளர் இரண்டையும் நபர் என்ற கிளாஸின் கீழ் தொங்கவிட்டால் வரைபடம் அழகாகத்தான் இருக்கும். பணியாளரே டிக்கெட் வாங்கும் நாளில் அது இடிந்துவிடும்.

கருவிகளைப் பொறுத்தவரை, நிரலிலிருந்து வரைபடத்தையும் வரைபடத்திலிருந்து நிரலையும் தானாக உருவாக்கித் தரும் பெரிய மென்பொருள்கள் எனக்கு உதவவில்லை. மதிப்பைப் படிக்கவும் மாற்றவும் உள்ள எல்லா கெட்டர், செட்டர்களோடும் அவை தரும் வரைபடம் நிரலைவிடப் படிக்கக் கடினமானது. சிந்திக்கும்போது வெண்பலகை, பாதுகாக்கவேண்டியிருந்தால் எழுத்தாகத் தருவதை வரைபடமாக்கும் பிளான்ட்யூஎம்எல் அல்லது மெர்மெய்டு என்பதே என் வழக்கம். வரைபடம் வெறும் எழுத்துக் கோப்பாக இருப்பதால் நிரலோடு சேர்த்தே, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் வைக்கலாம். ஒருவர் என்ன மாற்றினார் என்பது வரிவரியாகத் தெரியும். 2022 முதல் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் மெர்மெய்டு வரைபடங்களை நேரடியாகக் காட்டுவது பெரிய வசதி. பெட்டிகள் எங்கே அமரவேண்டும் என்பதில் மட்டும் நம் சொல் எடுபடாது. பெட்டிகள் பெருகும்போது கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு எரிச்சலூட்டும்.

புதிதாகக் கற்பவர்கள் யூஎம்எல்லிலிருந்தே தொடங்கவேண்டியதில்லை. 1989இல் கென்ட் பெக், வார்டு கன்னிங்ஹாம் இருவரும் அறிமுகப்படுத்திய சிஆர்சி அட்டைகளில் கிளாஸின் பெயர், அதன் பொறுப்புகள், அதோடு ஒத்துழைப்பவை ஆகியவற்றை எழுதி, ஆளுக்கு ஓர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிகழ்வை நடித்துப் பார்த்தால், பொறுப்பைப் பகிர்வது என்றால் என்னவென்று குறியீடுகளின் தொல்லையின்றிப் புரிந்துவிடும். அதன்பிறகு சீக்வென்ஸ் வரைபடத்துக்குச் செல்வது எளிது. ஒரு படிவத்திலிருந்து தரவை வாங்கி அட்டவணையில் சேமிப்பது மட்டுமே வேலை என்றால் இவை எதுவும் வேண்டாம். அட்டவணைகளின் உறவுகளைக் காட்டும் ஓர் ஈஆர் வரைபடம் போதும்.