பருவம் முடிந்த பின் பிளே-ஆஃப்: 10 வயதுக்கு உட்பட்ட சிறுமியர் அணி ஒன்றின் அனுபவம்

தென் கலிபோர்னியாவில் எங்கள் ஊர்க் கால்பந்துச் சங்கம் நடத்தும் இலையுதிர் காலப் பருவம் செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து நவம்பர் நடுப்பகுதியில் முடிகிறது. அதன் பின்னர், விருப்பமுள்ள அணிகளுக்காக, டிசம்பரின் முதல் இரண்டு வார இறுதிகளில் தனிக் கட்டணத்துடன் பிளே-ஆஃப் சுற்று ஒன்றை நடத்துகிறார்கள். சென்ற ஆண்டு என் மகள் ஆடிய, 10 வயதுக்கு உட்பட்ட சிறுமியர் அணியின் நிர்வாகப் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்தச் சுற்றில் சேர்வதா வேண்டாமா என்ற கேள்வி எங்கள் பெற்றோரிடையே இரண்டு வாரம் ஓடியது. இதே கேள்வியுடன் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல இருப்பதை அறிவேன் என்பதால், அந்தச் சுற்றைப் பற்றிய என் மதிப்பீட்டை விரிவாகவே எழுதுகிறேன். சங்கத்தை நடத்துபவர்கள் அனைவரும் தன்னார்வலர்கள்; அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

எங்கள் அணியில் 10 பேர். இந்த வயதில் களத்தில் ஒரு பக்கத்துக்கு 7 பேர் ஆடுவார்கள். 25 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகள். பருவத்தின் முடிவில் 8 அணிகளில் நாங்கள் ஐந்தாவது இடத்தில் இருந்தோம். ஐந்தாம் இடத்தில் இருக்கும் அணி பிளே-ஆஃபுக்குப் போய் என்ன செய்யப் போகிறது என்பதே பெற்றோரிடமிருந்து வந்த முதல் கேள்வி. வெற்றி வாய்ப்பை அளவுகோலாக வைத்து இதை முடிவு செய்வது சரியல்ல என்று அப்போதே எனக்குத் தோன்றியது. இன்று அதை இன்னும் உறுதியாகச் சொல்வேன். ஒரு குழந்தைகள் அணி பருவத்துக்குப் பிந்தைய சுற்றில் சேரலாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவை, அந்த நாட்களில் எத்தனை பேர் ஊரில் இருப்பார்கள், வருபவர்களில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம் ஆடக் கிடைக்கும் என்ற இரண்டும்தான்.

முதலாவது, வெறும் கணக்கு. ஓர் ஆட்டத்தின் 50 நிமிடங்களை 7 இடங்களால் பெருக்கினால் 350 நிமிடங்கள். 10 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 35 நிமிடங்கள். மூன்று பேர் வராவிட்டால் மாற்று ஆட்டக்காரரே இல்லை. ஏழு பேரும் முழு ஆட்டத்தையும் ஆட வேண்டும். இந்தச் சுற்றில் முதல் சனிக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் என்று அட்டவணை சொன்னது. அதாவது, பருவம் முழுவதும் வாரத்துக்கு ஓர் ஆட்டம் மட்டுமே ஆடிப் பழகிய ஒன்பது வயதுக் குழந்தை ஒரே நாளில் 100 நிமிடங்கள் ஓட வேண்டியிருக்கும். டிசம்பரில் யார் இருப்பார்கள் என்பது எங்கள் வீடுகளில் எளிய கேள்வியும் அல்ல. விடுமுறைக்குச் சென்னைக்கோ கோவைக்கோ போகும் குடும்பங்கள் விமானச் சீட்டை ஜூன், ஜூலையிலேயே எடுத்துவிடுகின்றன. பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் முன்னதாகவே கிளம்புவோரும் உண்டு. ஆகவே, யாருடைய விருப்பத்தையும் கேட்பதற்கு முன்னால், நான்கு நாட்களின் தேதிகளையும் எழுதி அனுப்பி, ஒவ்வொரு நாளுக்கும் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் கேட்டேன். முதல் வார இறுதிக்கு 9 பேர், இரண்டாம் வார இறுதிக்கு 8 பேர் என்று தெரிந்த பிறகே மற்றப் பேச்சு தொடங்கியது.

இரண்டாவது, ஆடும் நேரம். 1964 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய, ஏ.ஒய்.எஸ்.ஓ. எனப்படும் அமெரிக்க இளையோர் கால்பந்து அமைப்பு ‘எல்லோரும் ஆட வேண்டும்’ என்பதைத் தன் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு குழந்தையும் ஆட்டத்தில் குறைந்தது பாதி நேரம் களத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எங்கள் சங்கத்துக்கும் பருவத்தின் போது அதே விதி உண்டு. ஆனால் பிளே-ஆஃப் விதித்தாளில் அந்த வரி முதல் கட்ட ஆட்டங்களுக்கு மட்டுமே இருந்தது. அரையிறுதியிலிருந்து ‘பயிற்சியாளரின் முடிவுக்கு உட்பட்டது’ என்று மாறியிருந்தது. விதித்தாளை இரண்டு முறை படித்த பிறகே என் கண்ணில் பட்ட வரி இது. கட்டணம் செலுத்தும் முன் ஒவ்வொரு பெற்றோரும் இதைத் தேடிப் படிக்க வேண்டும். எங்கள் பயிற்சியாளரிடம் கேட்டபோது, எந்த ஆட்டமாயினும் யாரும் பாதிக்குக் குறைவாக ஆட மாட்டார்கள் என்று பெற்றோர் அனைவருக்கும் எழுதி அனுப்பினார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

பெரியவர்கள் பேசி முடித்த பின்தான் குழந்தைகளிடம் கேட்டோம். அதற்குள் நவம்பர் பிறந்துவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததிலிருந்து ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். விளக்கில்லாத மைதானத்தின் ஓரத்தில், கார்களின் முகப்பு வெளிச்சத்தில், பத்துப் பேரையும் உட்கார வைத்துத் துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுத்து, பெயர் எழுதாமல் பதில் மட்டும் எழுதச் சொன்னார் பயிற்சியாளர். ஏழு சீட்டுகளில் ‘ஆம்’ என்று இருந்தது. ஒன்றில் ‘இல்லை’. ஒன்றில், ‘ஆம், ஆனால் நான் கோல் கீப்பராக நிற்க மாட்டேன்’ என்று எழுதியிருந்தது. மற்றொன்றில், ‘நான் சுமாராகத்தான் ஆடுவேன், என்னையும் சேர்ப்பீர்களா?’ என்றிருந்தது. அதைப் படித்துவிட்டுப் பயிற்சியாளர் சற்று நேரம் பேசவில்லை. பருவம் முழுவதும் அணியில் இருந்த ஒரு குழந்தைக்கு, பிளே-ஆஃப் என்றவுடன் தனக்கு இடம் உண்டா என்ற ஐயம் வந்திருந்தது என்பதை நாங்கள் யாரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. இப்படிச் சீட்டில் கேட்கும் முறையை எல்லா அணிகளுக்கும் பரிந்துரைக்கிறேன். வட்டமாக நிற்க வைத்துக் கை தூக்கச் சொன்னால் பத்துக் கைகளும் உயரும், உண்மை தெரியாது.

இனி, சேவையைப் பற்றி. அணிக்கு 250 டாலர் கட்டணம், ஆளுக்கு 25 டாலர். குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதி என்பதே இந்தச் சுற்றின் மிகப் பெரிய நன்மை. முதல் தோல்வியிலேயே வெளியேற்றும் நாக்-அவுட் முறையாக இருந்திருந்தால் நாங்கள் சேர்ந்திருக்க மாட்டோம். ஓர் ஆட்டத்துக்காக அதிகாலையில் எழுந்து 40 மைல் ஓட்டிச் சென்று திரும்புவது குழந்தைகளுக்கு நியாயமானதல்ல. நடுவர்கள் நன்றாக நடத்தினார்கள். 10 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்கள் பந்தைத் தலையால் முட்டக் கூடாது என்று 2015 இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு கொண்டுவந்த விதியை ஒவ்வோர் ஆட்டத்திலும் தவறாமல் செயல்படுத்தினார்கள். கோல் கீப்பர் பந்தைக் கையிலிருந்து ஓங்கி உதைக்கக் கூடாது என்ற விதியையும் விட்டுக்கொடுக்கவில்லை.

குறைகளும் உண்டு. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் வரையிலான இடைவெளியில் நன்றி நவிலல் விடுமுறையும் வந்துவிடுவதால், விளக்குள்ள மைதானம் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டுமே கிடைத்தது. அதையும் இன்னோர் அணியுடன் பகிர்ந்துகொண்டோம். ஆட்ட நேரங்கள் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத்தான் அறிவிக்கப்பட்டன. மழை பெய்து புல்தரை மூடப்பட்டால் கட்டணத்தில் பாதியே திரும்பக் கிடைக்கும் என்பது சிறு எழுத்தில் இருந்தது. நல்ல வேளையாக மழை வரவில்லை.

இவற்றைவிட எனக்கு வருத்தமளித்தது பெனால்டி ஷூட்-அவுட். முதல் கட்டத்தில் ஒரு வெற்றி, ஒரு சமநிலை, ஒரு தோல்வியுடன் நாங்கள் அரையிறுதிக்குப் போனோம். அது 1-1 என்று முடிய, ஐந்து பேர் ஒவ்வொருவராகத் தனியே நடந்து போய்ப் பந்தை வைத்து உதைக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஐந்தாவது சிறுமி உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அவள் திரும்பி வரவில்லை. வைத்த இடத்திலேயே, கையுறையின் விரல் நுனிகளைக் கடித்துக்கொண்டு நின்றாள். எதிரணியின் கோல் கீப்பர்தான் முதலில் ஓடிவந்து அவள் தோளைத் தொட்டது. குழந்தைகளுக்கு ஆட்டம் முடிந்த கால் மணி நேரத்தில் எல்லாம் மறந்துவிடும் என்று சொல்வார்கள். அவளுக்கு மறக்கவில்லை என்று அவள் தாயார் சொன்னார். இந்த வயதில் சமநிலையில் முடிந்தால் இரு அணிகளையும் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கலாம், அல்லது முதல் கட்டப் புள்ளிகளை வைத்துத் தீர்மானிக்கலாம் என்று சங்கத்துக்கு எழுதியிருக்கிறேன். நார்வேயின் விளையாட்டுக் கூட்டமைப்பு, 11 வயதை எட்டும் ஆண்டுக்கு முன்பு புள்ளிப் பட்டியலும் தரவரிசையும் வெளியிடக் கூடாது என்றும், பரிசு கொடுத்தால் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறது. அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் ஓர் உதையில் எல்லாவற்றையும் தொங்கவிட வேண்டிய அவசியம் இல்லை.

ஓய்வையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வளரும் குழந்தைகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று மாதங்களாவது தாம் முதன்மையாக ஆடும் விளையாட்டிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பரிந்துரைக்கிறது. டிசம்பர் நடுவில் பிளே-ஆஃபை முடித்து, பிப்ரவரியில் வசந்த காலப் பருவத்தைத் தொடங்கும் குழந்தைக்குக் குளிர்காலத்தில் அந்த ஓய்வு முழுமையாகக் கிடைக்காது. நாங்கள் பிளே-ஆஃபுக்குச் சம்மதித்ததால் என் மகளை வசந்த காலத்தில் சேர்க்கவில்லை. அந்த மாதங்களில் அவள் நீச்சலுக்குப் போனாள்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன். ஆள் எண்ணிக்கை 9க்குக் குறையாத, பயிற்சியாளர் ஆடும் நேரத்துக்கு எழுத்தில் உறுதி கொடுக்கும் அணிகள் சேரலாம். எட்டுப் பேர் மட்டுமே வரக்கூடிய அணி முதல் சனிக்கிழமையை நினைத்துப் பார்த்துவிட்டு, இந்த ஆண்டு வேண்டாம் என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

இவ்வாண்டுக்கான படிவம் சென்ற வாரம் வந்தது. தேதிகளை அனுப்பியிருக்கிறேன், ஏழு குடும்பங்கள் பதில் சொல்லிவிட்டன, மூன்று பேரின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். துண்டுச் சீட்டுகளைப் பயிற்சியாளர் ஏற்கெனவே வெட்டி வைத்துவிட்டார்.